நிறுவைக்கு முன்

பவுலினின் வயிற்றைத் திறந்து பார்த்த டாக்டர், குடலெல்லாம் புற்று பரவியிருந்ததால் ஒன்றையும் தொடாமல் அப்படியே தைத்து அனுப்பிவிட்டார். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாராம். பார்த்துக்கொள்ள வீட்டில் என்ன இருக்கிறது? பொகவந்தலாவைக்கு மேலே, பஸ் எட்டிப் பார்க்காத ஒரு தேயிலைத் தோட்டத்து டிவிசனில், லயத்து வரிசை வீடுகளில் ஒன்று, புகை படிந்த ஒற்றை அறைக் காம்பிரா. வெளியே அவள் புருசன் வியாகுலம் காலையிலிருந்து விறகு பிளக்கிறார். மனைவியின் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லாத மனிதர் வேறு என்னதான் செய்வார்?

பவுலினின் தம்பி சூசைரட்ணம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு ஹட்டனிலிருந்து வந்திருந்தார். ஏ.எல். வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிற மாஸ்டர். கையில் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஒரு வருசத்துக்கு மேலாக அவளுக்கு மலத்தோடு ரத்தம் போயிருக்கிறது. தோட்டத்து மருந்துக்காரர் ஆம்பளை. அவரிடம் போய் இதை எந்தப் பொம்பளை சொல்லுவாள்? வயிற்றுக்கடுப்பு என்று மட்டும் சொல்லி வெள்ளை மருந்தை வாங்கிக் குடித்திருக்கிறாள். ஆள் போய்ச் சேரும் வரைக்கும் எல்லா வியாதிக்கும் அங்கே அந்த வெள்ளை மருந்துதான். புருசனுக்கும் சொல்லவில்லை, தம்பிக்கும் சொல்லவில்லை. ரத்தம் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்திருந்தால் சூசைரட்ணத்துக்கு விளங்கியிருக்கும். அவர்களுடைய அப்பா அப்படித்தான் போனார், நாற்பத்தைந்தைத் தொடாமல். அண்ணன் சிறிலும் அப்படித்தான். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று லயத்தில் பேச்சு. அடுத்த காம்பிரா மீனம்மா கோயிலில் மந்திரித்த கயிறு கொண்டுவந்து, ஜெபமாலை கிடந்த அதே கையில் கட்டிவிட்டுப் போயிருந்தாள்.

"தம்பி," என்றாள் பவுலின். "கயிறு கட்டுனவ போயிட்டா. இப்ப நீ சொல்லு. அப்பா, அண்ணன், இப்ப நானு. எம்புள்ள மெட்டில்டாவுக்கும் வருமா?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் போன ஞாயிறு அவர் வரவில்லை.

போன விடுமுறையில், எண்பத்தைந்தாம் வருசம் ஆகஸ்டில், பேராதனையில் ஆசிரியர்களுக்கு ஒரு கருத்தரங்கு நடந்தது. செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் டீ.என்.ஏ. தன்னைப் படியெடுக்கிறது, அதில் கோடியில் ஒரு எழுத்து பிழையாக ஜோடி சேர்ந்துவிடும் என்றார் ஓர் இளம் விரிவுரையாளர். பின்னாலேயே சில புரதங்கள் தடவிப் பார்த்துக்கொண்டு வருமாம், பொருந்தாத இடத்தில் நிற்குமாம். இரண்டு இழையில் எது சரி, எது பிழை? பக்டீரியாவில் பழைய இழைக்கு மட்டும் அடையாளக் குறி இருக்கும், புதியதற்குக் குறி விழக் கொஞ்ச நேரமாகும். அந்த இடைவெளிக்குள் புதிய இழையை வெட்டியெடுத்துச் சரியாக எழுதிவிட வேண்டும். குறி விழுந்துவிட்டால் எது பிழை என்று சொல்ல ஆளில்லை. மாஸ்டர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார், இவ்வளவு அக்கறையா என்று. பிறகு, திருத்துகிற புரதமே கெட்டுப்போன பக்டீரியாக்களைப் பற்றி விரிவுரையாளர் சொன்னார். பிழைமேல் பிழையாகக் குவியுமாம். மனிதனில் எப்படி என்று கேட்டதற்கு, இன்னும் பிடிபடவில்லை என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவின் முகமும் அண்ணனின் முகமும் அவருக்கு முன்னால் வந்து நின்றன. வெறும் ஊகந்தான். ஆனால் அந்த ஊகம் அவரைத் தூங்கவிடவில்லை.

"அக்கா, கொழுந்தை நிறுவைக்கு முந்தி சாக்குல கொட்டி, முத்தின எலையைப் பொறுக்குறீங்கல்ல?"

"பொறுக்காட்டி கணக்கப்பிள்ளை கிழிச்சிருவாரே."

"நிறுத்துக் கொட்டிட்டா?"

"அப்பறம் எங்கிட்டுப் பொறுக்குறது? எல்லாம் ஒண்ணாக் கலந்துரும்."

"ஒடம்புக்குள்ளயும் அப்படிப் பொறுக்குற ஆளு இருக்கு. நம்ம குடும்பத்துல அந்த ஆளு சரியில்லையோன்னு நான் நெனைக்கிறேன். நெசமான்னு யாருக்கும் தெரியாது."

அவள் கூரைத் தகரத்தைப் பார்த்தபடி கிடந்தாள். விளங்கவில்லை போலிருக்கிறது, நல்லதாய்ப் போயிற்று என்று அவர் நினைத்தார்.

"காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல, பொறுக்குற ஆளுக்குப் பேரு போடலன்னு வையி. வேற ஆளு விட முடியாதா?"

"இல்லக்கா. அப்படி ஒரு வைத்தியம் இல்ல."

"மெட்டில்டாவுக்கு?"

"பாதிக்குப் பாதி. தாய்கிட்டருந்து பாதிதான் புள்ளைக்கு வரும். இருக்கவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்."

"பாத்துச் சொல்ல முடியாதா?"

"முடியாது."

"இவ்வளவு படிச்சும்?"

அந்தக் கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் அவருக்கு வலித்தது.

அவள் தலையைத் திருப்பினாள். "அப்ப உனக்கும் பாதியா?"

"எனக்குந்தான்," என்றார். அதுவரை அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மெட்டில்டா ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியிலிருந்து வாளியோடு உள்ளே வந்தாள். தோட்ட வேலைக்கென்று பெரட்டில் பேர் பதிந்து இன்னும் ஒரு வருசம் ஆகாத பெண். "மாமா, தேத்தண்ணி ஊத்தவா?"

"இங்க வாடி," என்றாள் பவுலின். தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். வேண்டாம் என்று சூசைரட்ணம் சொல்வதற்குள் மகளின் முகத்தை நாடியில் பிடித்து வாசல் பக்கம் திருப்பி, கட்டைவிரலால் கண்ணின் கீழ் இமையை இழுத்துக் காட்டினாள்.

"பாரு தம்பி. புள்ளைக்கு ரத்தம் நல்லா இருக்கா பாரு."

"என்னம்மா இது, மாடு வாங்குற மாதிரி!" மெட்டில்டா சிரித்தாள்.

அவர் குனிந்து பார்த்தார். இமையின் உட்புறம் வடித்த கஞ்சியாய் வெளுத்திருந்தது. கொக்கிப்புழுவாக இருக்கலாம், அரை வயிற்றுச் சாப்பாடாக இருக்கலாம். அந்த லயத்தில் எந்தப் பெண்ணின் இமையை இழுத்தாலும் இப்படித்தான் இருக்கும். அல்லது அப்பாவுக்கும் அண்ணனுக்கும் வந்த அதுவாகவே இருக்கலாம். அந்த வெளுப்பிலிருந்து ஒன்றையும் படிக்க அவரால் முடியவில்லை.

"இருக்கா?" என்றாள் பவுலின்.

இழுத்துப் பிடித்த கண்ணில் நீர் கோத்தது. மெட்டில்டா அசையாமல் சிரித்தபடி மாமாவையே பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திரும்பும்மா," என்றார்.

அவள் திரும்பினாள். இமையை விடாமல், அம்மாவின் கட்டைவிரலும் கூடவே திரும்பியது.