திருப்பித் தராத டிக்கெட்

லிஃப்ட் மெக்கானிக்கின் தங்கை கல்யாணமாகிப் பல வருடம் கழித்து உண்டாகியிருந்தாள். அவள் இருந்த ஊருக்கு விமானத்தில்தான் போக முடியும். பிரசவம் ஆனதும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் குழந்தையைப் பார்ப்பது என்று அவனும் அவன் மனைவியும் தீர்மானித்தார்கள். அம்மாவின் ஈரலில் இருந்த நோயைப் பற்றி அந்தத் தீர்மானத்தில் பேச்சே எழவில்லை. "ஆசைப்பட்ட இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. காய்ச்சல் வந்தா மட்டும் உடனே இங்க வந்துடுங்க" என்று டாக்டர் சொன்னபோது முதல் வாக்கியத்தின் அர்த்தம் எல்லோருக்கும் புரிந்தது. புரியாதவர்கள்போலத் தலையாட்டிவிட்டு வந்தார்கள்.

விமானம் இரண்டு இருந்தது. ஒன்று மலிவு. தண்ணீருக்கும் பெட்டிக்கும் விரும்பிய இருக்கைக்கும் தனித்தனிக் காசு; வாங்கிய டிக்கெட்டைத் திருப்பவோ தேதி மாற்றவோ முடியாது. இன்னொன்றில் விலை கூடுதல். போக முடியாவிட்டால் பணம் திரும்ப வரும்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி, விலை கூடியதையே வாங்கலாம் என்றாள். காரணத்தைச் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவனுக்குச் சுருக்கென்று தைத்தது.

"அம்மா வரமாட்டாங்கன்னு இப்பவே முடிவு கட்டிட்டியா?"

அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"ஒரு லிஃப்டுக்கு அஞ்சு கயிறு போடுறீங்க. ஒரு கயிறே தாங்கும்னு நீங்கதான் சொல்வீங்க. பெட்டி விழுந்துடும்னு முடிவு கட்டியா மிச்ச நாலையும் மாட்டுறீங்க?"

தொழிலை வைத்தே மடக்கிவிட்டாள். அந்த நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மா வந்தாள். சோப்பு தேய்ந்து சில்லாகிவிட்டாலும் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவைத்துக் கரைத்துத் தீர்க்கிறவள் அவள். பாதி எரிந்த தீக்குச்சியைக்கூட எடுத்து வைத்துக்கொள்வாள்.

"திருப்பித் தரமாட்டானா? அப்போ அதையே வாங்குடா. காசு கொடுத்து வாங்கினதை நான் என்னைக்கு வீணாக்கியிருக்கேன்?"

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அவன் மலிவு டிக்கெட்டை வாங்கிவிட்டான். அம்மாவுக்குச் சன்னலோர இருக்கையும் தங்களுக்கு அதை ஒட்டிய இரண்டும் கேட்டு மேற்கொண்டு பணம் கட்டினான். வெளியே பார்க்கிறதற்கெல்லாமா காசு வாங்குகிறான் என்று அம்மா அன்று முழுக்கப் புலம்பினாள்.

டிக்கெட் மருந்தைவிட நன்றாக வேலை செய்தது. அம்மா தட்டில் வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். மலிவு விமானத்துக்குப் படியேறித்தான் போக வேண்டும் என்று யாரோ சொல்லிவிட, குடியிருப்பின் மாடிப்படியில் தினமும் ஏறி இறங்கிப் பழகினாள். லிஃப்ட்காரன் அம்மாவே படியில் போனால் அந்த லிஃப்டில் எங்களை எப்படி ஏறச் சொல்கிறாய் என்று அக்கம்பக்கத்தார் அவனைக் கேலி செய்தார்கள். அவனுக்கு அந்தக் கேலி இனித்தது. மனைவியைப் பார்க்கும்போதெல்லாம் ஜெயித்தவன் மாதிரி புருவத்தை உயர்த்தினான். அவளும் தோற்றதில் சந்தோஷப்பட்டாள்.

ஒருநாள் காலை அம்மா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதித்தது.

காய்ச்சல் எப்போதிருந்து என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். இன்றைக்குத்தான் என்றான் அவன். மனைவி வீட்டுக்குப் போய் மாற்றுத்துணி எடுத்து வந்தாள். கூடவே ஒரு பிளாஸ்டிக் பையையும் கொண்டுவந்து டாக்டரின் மேஜையில் வைத்தாள். அம்மாவின் தலையணை உறைக்குள் கிடைத்தது. பை நிறையக் காய்ச்சல் மாத்திரையின் காலி அட்டைகள். தன் கடையில் வாங்கியவை அல்ல என்று மட்டும் அவள் மெதுவாகச் சொன்னாள். டாக்டர் அட்டைகளைப் புரட்டிவிட்டு, கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்றார்.

அம்மாவிடம் அவன் கேட்டான், கோபம் வராத குரலில் கேட்க முயன்று.

"ஏம்மா சொல்லலை?"

"சொன்னா இங்க கொண்டாந்து படுக்கவெச்சிருப்பே. டிக்கெட்டு போயிருக்குமேடா."

தங்கைக்குப் பெண் பிறந்த செய்தி அம்மா கண்திறந்து இருந்த கடைசி நாட்களில் வந்தது. போனில் படத்தைக் காட்டினார்கள். மூக்கு நம்ம வீட்டு மூக்கு என்றாள். பிறகு அவன் கையைத் தேடிப் பிடித்து, "எப்போடா கிளம்புறோம்?" என்றாள்.

"நாளைக்கும்மா."

"பெட்டியை இன்னைக்கே கட்டிடு. கடைசி நேரத்துல எதையாவது விட்டுட்டு வருவே."

காரியமெல்லாம் முடிந்த பிறகும் டிக்கெட்டின் தேதி வர நாள் மிச்சமிருந்தது. போவதா வேண்டாமா என்று இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. பச்சைக் குழந்தையோடு தங்கை தனியாக அழுதுகொண்டிருந்தாள். போனார்கள்.

விமானத்தின் படிகளை அவன் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு ஏறினான். மூன்று இருக்கை வரிசையில் சன்னலோரம் காலியாகவே இருக்க, அவனும் மனைவியும் உட்கார்ந்தார்கள். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் பின்னாலிருந்து வந்தாள். குடும்பத்தை ஆளுக்கொரு மூலையில் போட்டுவிட்டார்கள், அங்கே இரண்டு தடியர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டேன் என்று சிரித்துவிட்டுக் கேட்டாள்.

"இங்க ஆள் வருதா?"

வருது என்று சொல்லத்தான் அவன் வாயைத் திறந்தான். மனைவி அதற்குள் எழுந்துவிட்டாள்.

"உட்காருங்கம்மா. காசு கட்டின இடம், சும்மா போக வேண்டாம்."

அந்தப் பெண் நன்றி சொல்லி உள்ளே போய் உட்கார்ந்தாள். குழந்தையின் முகத்தில் வெயில் படுகிறதென்று சன்னல் மூடியை இழுத்து அடைத்தாள்.

அவன் வெகுநேரம் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில், வீட்டில், சுடுகாட்டிலிருந்து திரும்பிய வழியில், எந்த இடத்திலும் மனைவி அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"சொல்லிடு" என்றான்.

"என்னத்த?"

"நான் அப்பவே சொன்னேன்னு."

விமானம் மெல்ல நகரத் தொடங்கியது. அவள் அவன் பக்கம் திரும்பாமல், அவன் மடியில் கழன்று கிடந்த பட்டையின் இரண்டு முனைகளையும் தேடி எடுத்தாள்.

"பெல்ட்டைப் போடுங்க" என்றாள்.