மெதுவான இடத்தில் ஓர் இருமல்

என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்திருந்த கைபேசியில் வயலின்கள் தணிந்துகொண்டே வந்தன. கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"இப்ப வரும் பாருங்க."

வந்தது. மற்றதெல்லாம் ஓய்ந்து ஒற்றை வயலின் மட்டும் இழைந்துகொண்டிருக்கும் இடத்தில், எங்கிருந்தோ ஓர் இருமல். அவளுடைய அண்ணன் இருமியது அது.

மச்சானும் நானும் அந்த இசை அரங்கில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். நாற்காலி போடுவது, பியானோவைத் தள்ளுவது, வாசிக்கிறவர்களுக்கு முன்னால் தாள் வைக்கும் தாங்கிகளை நிறுத்துவது. வாசிப்பு தொடங்கியதும் பக்கத்துத் திரைக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் நிற்க வேண்டும். அந்தத் திரையில் இருக்கிற தூசிக்குத் தொண்டை சும்மா இருக்காது. அதனால் விளக்கு மங்கும்போதே ஆளுக்கொரு இருமல் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வோம். அன்றைக்கு மச்சான் சட்டைப்பையில் ஒன்றுதான் இருந்தது. "நீ போட்டுக்கோ மாப்ள. உன் தொண்டை உன் பேச்சக் கேக்காது. என்னது கேக்கும்" என்று என் கையில் திணித்தார். அன்றைக்கு அவர் தொண்டையும் கேட்கவில்லை. மேடையில் குச்சியை ஆட்டிக் குழுவை நடத்துகிறவர், மச்சான் வாயில் குச்சிக்காரர், திரும்பாமலே தோளைச் சுருக்கிக்கொண்டதை நாங்கள் இருவரும் பார்த்தோம்.

பிறகு நோய் பரவி அரங்கைப் பூட்டினார்கள். வீட்டில் அடைந்து கிடக்கிறவர்கள் கேட்கட்டும் என்று இசைக்குழு பழைய கச்சேரிகளை ஒவ்வொன்றாக இணையத்தில் போட்டது. அந்தக் கச்சேரி வந்தபோது மச்சான் இல்லை. ஆஸ்பத்திரிக்குள் எங்களை விடவே இல்லை. கடைசியாக இவளைப் போனில் கூப்பிட்டபோது அவருக்குப் பேச்சு வரவில்லை, இருமல்தான் வந்தது. அவர் போனபோதுகூட அழாதவள், இந்த வாசிப்பைத் தற்செயலாகக் கேட்ட அன்றைக்கு உட்கார்ந்து அழுதாள். அதிலிருந்து தினமும் போடுகிறாள். இப்போதெல்லாம் அந்த இடம் வந்தால் சிரிக்கக்கூடச் செய்கிறாள்.

வாசிப்புக்குக் கீழே ஜனங்கள் எழுதியிருந்தார்கள். 'அருமையான வாசிப்பு. நடுவில் யாரப்பா லாரி கிளப்புவது?' 'அந்த ஆளுக்கு யாராவது மருந்து வாங்கிக் கொடுங்கள்.' அதற்கு இசைக்குழுவின் பதில்: 'மன்னிக்கவும். இருமலை நீக்கிய பதிவை விரைவில் ஏற்றுகிறோம். பழையது எடுக்கப்படும்.'

நான் அதைப் படித்துக் காட்டியதும் இவள் கை நின்றுவிட்டது.

"எடுத்துருவாங்களா? நீங்க எழுதுங்க."

"நாம எழுதினாக் கேப்பாங்களா?"

"லாரின்னு எழுதினவன் பேச்சக் கேட்டாங்கல்ல?"

எழுதப் படிக்க எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் வந்தது. கைபேசியில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினேன். 'இருமியது என் மச்சான். மேடை வேலை செய்தவர். இருந்த ஒரு மிட்டாயை எனக்குக் கொடுத்துவிட்டதால் இருமினார். இப்போது அவர் இல்லை. எடுக்க வேண்டாம்.'

மறுநாள் அரங்கின் ஒலிப்பதிவாளரே கூப்பிட்டார்.

"அண்ணே, அது அவருன்னு எனக்குத் தெரியாதுண்ணே. ஆனா இருமல எடுக்குற வேல முடிஞ்சிருச்சு, ஏத்துறதுதான் பாக்கி. குழுவுல எல்லாரும் சுத்தமா இருக்கறதத்தான் கேக்குறாங்க. ஒண்ணு பண்றேன், எடுத்த இருமல் தனியா எங்கிட்ட இருக்கு. அனுப்புறேன், நீங்களே வெச்சுக்குங்க."

நல்ல மனசு. அது வந்து சேர்ந்ததும் நான் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். வயலின் இல்லை, அரங்கு இல்லை. வெறும் நிசப்தத்தில், காதுக்குப் பக்கத்தில், இருமல்.

இவள் கைபேசியைக் குப்புறக் கவிழ்த்தாள்.

"இது வேணாங்க. ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்ட மாதிரியே இருக்கு."

நான் அதை அழித்தேன். அவள் உரித்த வெங்காயத்தையே திரும்பத் திரும்ப உருட்டிக்கொண்டிருந்தாள்.

"பாட்டுக்குள்ள இருந்தாத்தான் அண்ணன் வேலையில நிக்கிறாரு" என்றாள். "உங்க பக்கத்துல, மிட்டாய் இல்லாம."

ஒலிப்பதிவாளருக்கு நானே போன் போட்டு, அவள் சொன்னதை மாற்றாமல் சொன்னேன். அந்தப் பக்கம் அவர் வீட்டுக் குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

"குச்சிக்காரர்கிட்ட கேட்டுப் பாக்குறேண்ணே" என்றார். மச்சான் வைத்த அந்தப் பெயர் ஒலிப்பதிவாளர் வரைக்கும் போயிருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும். "அவரு வேணாம்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அதுவரைக்கும் பழையது அங்கதான் இருக்கும்."

அவர் சொன்னதை நான் சொல்லி முடிக்கும் முன்பே இவள் பழைய பதிவைப் போட்டுவிட்டாள். இந்த முறை குடத்தில் சாய்க்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டாள். வயலின்கள் தணிந்தன. ஒன்று மட்டும் மிஞ்சியது. மச்சான் இருமினார். சாப்பிடும்போது புரையேறியவரைத் தட்டிக்கொடுப்பதுபோல் அவள் கைபேசியின் முதுகை மெல்லத் தட்டினாள். வயலின் நிற்காமல் வாசித்துக்கொண்டிருந்தது.