சுவரோடு இறங்கிய மட்டக்கல்

கடற்சுவரின் உயரம் ஐந்து மீட்டர் என்று பதினெட்டு வருஷமாகக் கையெழுத்துப் போட்டு வந்த சர்வேயருக்கு, அது பச்சைப் பொய் என்று தெரியவந்தபோது முதலில் கோபம் வரவில்லை. தன் கையெழுத்தின்மேலேயே வெறுப்புதான் வந்தது.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். உயரத்தை அளக்க ஓர் ஆதாரப் புள்ளி வேண்டும், மட்டக்கல் என்பார்கள். அந்தக் காலத்து மகானுபாவர் எவரோ, தூரம் நடக்கச் சோம்பல்பட்டு, அந்தக் கல்லைச் சுவரின் அடித்தளத்திலேயே பதித்துவிட்டார். சேற்றுத் தரை வருஷா வருஷம் அமுங்கியது. சுவர் இறங்கியது, கல்லும் கூடவே இறங்கியது. கல்லிலிருந்து அளந்தால் சுவர் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். சர்வேயரும் வருஷத்துக்கு ஒருமுறை வந்து, கருவியை நிறுத்தி, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, ‘சரி’ என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனார்.

இந்த வருஷம் சுவரின் உள்பக்கம் கடல்நீர் கசிந்து உப்பு பூத்திருந்தது. மனசு கேட்காமல், பதினோரு கிலோமீட்டர் தள்ளியிருந்த, அமுங்காத பாறைக்குன்றிலிருந்து ஆறு நாள் அளந்துகொண்டே வந்தார். சுவர் அறுபத்திரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. முன்பொரு புயலில் கடல் ஏறிய மட்டத்தைவிடச் சுவர் இப்போது ஒரு சாண் தாழ்வு.

மேலதிகாரியான இன்ஜினியர், அவர் எழுதிக் கொடுத்த அறிக்கையைச் செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“இதை எவன்யா கேட்டான்? கல்லுக்குச் சுவர் சரியா இருக்கா இல்லையா?”

“கல்லே இறங்கிடுச்சு சார்.”

“கல்லு இறங்கிட்டுப் போகட்டும். நீ வழக்கமா எழுதறதை எழுது.”

சர்வேயர் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தார். மூன்றாம் நாள் தெருவெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. சுவர் ஐந்து மீட்டர், புயல் காலத்தில் யாரும் பயப்பட வேண்டாம் என்று போட்டு, அடியில் அவருடைய போன வருஷத்துக் கையெழுத்தை வெட்டி ஒட்டி அச்சடித்திருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் சோற்றையும் இவரிடமே வாங்கிக்கொண்டார்கள்.

சுவருக்கு நேர் பின்னால் அவருடைய தங்கை வீடு. அண்ணன் அளக்கிற சுவர் என்ற ஒரே நம்பிக்கையில் வாங்கிய வீடு. தங்கை புருஷனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, கட்டில்தான் உலகம். புயல் காலத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

வாயால் சொன்னால் எடுபடாது என்று கருவியையே தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் நிறுத்தினார். தங்கையை அளவுகோலைப் பிடிக்கச் சொல்லி, கடல் உள்ளே வந்தால் தண்ணீர் எங்கே நிற்கும் என்று சாக்பீஸால் கோடு இழுத்தார். கோடு அடுப்பைத் தாண்டி, உப்பு ஜாடியைத் தாண்டி, தங்கையின் தோள் உயரத்தில் போனது.

“இவர் உட்கார்ந்தா எதுவரைக்கும் வரும்ணே?” என்று தங்கை கட்டில் பக்கம் கை காட்டினாள்.

“தலைக்கு மேல.”

தங்கை கிளம்பத் துணிப்பையை எடுத்தாள். கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“நோட்டீஸ்ல இருக்கறதும் உங்க கையெழுத்து மச்சான். இந்தக் கோடும் நீங்க போட்டது. நான் எதை நம்பறது? என்னைத் தூக்க நாலு பேர் வேணும். ஆபீஸ்ல மாத்திச் சொல்லட்டும், வர்றேன்.”

சர்வேயருக்குக் கையெழுத்துப் போட்ட விரல்களைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்போல இருந்தது.

கோடு போட்ட சமாசாரம் தெருவெங்கும் பரவிவிட்டது. மறுநாள் காலை இன்ஜினியரே போனில் கூப்பிட்டார். குரலில் வெண்ணெய் வழிந்தது.

“நம்ம வீடும் சுவருக்குப் பின்னாடிதானே, இங்கயும் ஒரு கோடு போட்டுப் பார்த்துடேன்யா. பின்வாசல் வழியா வா.”

தூ என்று துப்பத் தோன்றியது. ஆனாலும் போனார். கூடத்தில் கருவியை நிறுத்தியதும் இன்ஜினியரே அளவுகோலைப் பிடித்தார். இத்தனை வருஷ உத்தியோகத்தில் அவர் நேராகப் பிடித்தது அன்றைக்குத்தான்.

“எங்கய்யா நிக்கும்?”

சர்வேயர் சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒரு தாளை நீட்டினார். நோட்டீஸ் தவறு, சுவர் இறங்கிவிட்டது, பின்னால் குடியிருப்பவர்கள் வெளியேற வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

“இதுல கையெழுத்துப் போடுங்க சார். அப்புறம் கோடு.”

“மிரட்டறியா?”

“ஆமா சார்.”

உயிர் போகிற சங்கதியை வைத்துப் பேரம் பேசும் தன்மேலும் அவருக்கு அருவருப்பாக இருந்தது. எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தானே.

இன்ஜினியர் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு, பையிலிருந்த முத்திரையை எடுத்துக் குத்தினார். பதினெட்டு வருஷமாகத் தானும் இப்படித்தான் போட்டோம் என்று நினைத்தபடியே சர்வேயர் சாக்பீஸை எடுத்தார். சுவரில் கோடு இழுத்தார். அது இன்ஜினியரின் மூக்குக்கு நேராக வந்தது.

தங்கை வீட்டுக்கு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்த் தாளைக் கட்டிலில் இருந்தவரிடம் கொடுத்தார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முத்திரைவரைக்கும் ஒரு எழுத்து விடாமல் இரண்டு தடவை படித்தார். இத்தனை வருஷத்தில் அந்தச் சுவரைப் பற்றிய காகிதத்தை ஒருவர் படித்து அன்றுதான் சர்வேயர் பார்த்தார்.

“சரி, தூக்குங்க” என்றார் மாப்பிள்ளை.