ஈ காக்கை நுழையாத நெட்வொர்க்

கணவனின் மடிக்கணினி சாகக் கிடந்தது. தலையால் தண்ணீர் குடித்து அதிலிருந்த அத்தனையையும் அவள் பிரதி எடுத்தாள். மறுநாளே அது கண்ணை மூடிவிட்டது. நெட்வொர்க் வேலை பார்ப்பவளுக்கு இதுகூட வராவிட்டால் எதற்குச் சம்பளம்? இழுத்து மூடிய அலுவலகம் ஒன்றிலிருந்து பழைய சர்வர் வாங்கி, சாமான் அறையில் வைத்து, ஒரே பெட்டிக்குள் பல கணினிகள் ஓடும்படி செய்தாள். அவற்றில் ஒன்று அவன் மடிக்கணினியின் பிரதி. அவன் காரோடு ஆற்றில் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. உடல் கிடைத்தது, போன் கிடைக்கவில்லை. அவனுடையது என்று மிஞ்சியது இந்தப் பிரதி மட்டும்தான்.

மடிக்கணினி அலுவலகம் கொடுத்தது; பிரதிக்கு வெளி இணைப்பு கொடுத்தால் அவன் அலுவலகம் அங்கிருந்தபடியே எல்லாவற்றையும் அழித்துவிடும். அதனால் ஈ காக்கை நுழையாதபடி தனி நெட்வொர்க் போட்டாள். கேபிள்களைச் சொருகி இணைக்கும் ஒரு சின்ன ஸ்விட்ச் பெட்டி, அதிலிருந்து சர்வருக்கு ஒரே ஒரு கேபிள். வேறு எதற்கும் அதில் இடம் கொடுக்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் நாத்தனார், அவனுடைய அக்கா, பார்க்க வந்தாள். திரையில் ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது, இப்படி நச்சரிக்குது?"

"அவர் போனைத் தேடுதுக்கா. இருக்கிறதையெல்லாம் அதுக்கு அனுப்பி வைக்கும். பழக்க தோஷம்."

"பாவம். யாரு பதில் சொல்லப் போறா?"

பதில் வந்தது.

ஒவ்வொரு போனுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அவனுடையதை வீட்டு நெட்வொர்க்கில் பதிந்ததே அவள்தான். பதிலில் இருந்தது அதே எண். ஸ்விட்சைப் பார்த்தாள். கேபிளே சொருகாத துளைக்கு மேல் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

கோப்புகள் போக ஆரம்பித்தன. பிரதியாக அல்ல, போனது போனதுதான். பாட்டு ஃபோல்டர் காலி. பாதியில் விட்ட கடிதங்கள் காலி.

"ஒயரைப் பிடுங்கும்மா! மிச்சமாவது நிக்கட்டும்!"

கை ஒயர்மேல்தான் இருந்தது. அவள் இழுக்கவில்லை. வரிசையில் கடைசியாக இருந்தவை, அவனும் அவளும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படங்கள். அவற்றையும் கொண்டுபோவானா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். நினைக்கவே வெட்கமாக இருந்தது, ஆனாலும் தெரிந்தாக வேண்டும்.

அவன் அம்மாவின் படங்கள் போயின. அக்காவின் படங்கள் போயின. விளக்கு அணைந்தது.

கடைசி ஃபோல்டர் இருந்த இடத்திலேயே இருந்தது.

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உனக்குன்னு விட்டு வச்சிருக்கான்மா."

அவள் அந்த ஃபோல்டரைத் தானே அதே எண்ணுக்கு அனுப்பினாள். போகவில்லை. மறுபடியும் அனுப்பினாள். வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இல்லை.

"இல்லக்கா," என்றாள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "வேணாம்னு வச்சுட்டுப் போயிட்டார்."