நெட் போன புதன்கிழமை

கோம்பை ஊருக்குள் நுழையும் சாலையில் தண்ணீர் மெஷின் வைத்திருப்பவள் நாகஜோதி. ஐந்து ரூபாய்க் காசை ஓட்டையில் போட்டால் ஒரு கேன் நிறையச் சுத்தமான தண்ணீர் வரும். பத்து வருஷம் விடியுமுன்னே ஜீப் ஏறி, மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போய்வந்த சம்பாத்தியத்தையும் மகளிர் குழுவில் வாங்கிய கடனையும் சேர்த்து அந்த மெஷினை வாங்கினாள். கடன் அடைந்துவிட்டது. மெஷின் ஓடியது. ஊரில் பாதிப்பேர் அவள் தண்ணீரில்தான் உலை வைத்தார்கள்.

குறை ஒன்றே ஒன்றுதான். வருவதெல்லாம் காசாகவே வந்தது. நோட்டு வாங்கத் தெரியாத மெஷின். தினம் சாயங்காலம் பெட்டியைத் திறந்து கொட்டினால் காசு மடமடவென்று விழும். காலி பெயிண்ட் வாளியில் போட்டு வைப்பாள். வாளி நிறைந்தால் அதைத் தூக்க அவளால் ஆகாது.

புருஷன் வேல்பாண்டி லோடு வண்டி ஓட்டுகிறவன். தேங்காய் ஏற்றிக்கொண்டு கம்பம், தேனி என்று போய்வருவான். வாளி நிறையும்போதெல்லாம் அவன்தான் தெரிந்த மளிகைக்கடையில் காசைக் கொடுத்து நோட்டாக மாற்றிக்கொண்டு வருவான். நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள்.

"என் தண்ணிக்கு அவுகளுக்கு எதுக்கு கமிஷன்?" என்பாள் நாகஜோதி.

"ஏ புள்ள, மாத்திக் குடுக்குறதே பெருசு. இதத் தூக்கிக்கிட்டு பேங்க்குக்குப் போகச் சொல்றியா? பாக்குறவன் என்ன நெனப்பான்?"

"என்ன நெனப்பான்? தண்ணி வித்த காசு."

ஆனால் அவள் முதல் தடவை பேங்க்குக்குப் போனபோது அவன் சொன்னதுபோலத்தான் ஆயிற்று. கடைவீதியிலிருக்கும் அந்தக் கிளையில் பணம் வாங்கவும் கொடுக்கவும் ஒரே கவுண்டர்தான். கேஷியர் பொன்னுராஜ், போடியிலிருந்து தினமும் பைக்கில் வந்துபோகிறவர். பையைக் கவுண்டர் மேல் வைத்ததும் 'டங்'கென்று ஒரு சத்தம். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்தாம்மா, எண்ணுற மெஷினு நோட்டுக்குத்தான், காசுக்கு இல்ல. நான் ஒத்தாளு. பின்னால க்யூவப் பாருங்க" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அலுப்பாகச் சொன்னார். அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பின்னால் நின்ற ஒருத்தர், "கோயில் உண்டியல ஒடச்சாச்சா?" என்று கேட்க, நாலு பேர் சிரித்தார்கள். பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது.

இரண்டாம் தடவை போகும்போது காசையெல்லாம் கழுவித் துடைத்து, நூறு நூறாகப் பாலிதீன் பைகளில் கட்டி, ஒவ்வொன்றிலும் துண்டுச்சீட்டு ஒட்டிக்கொண்டு போனாள். பொன்னுராஜ் பைகளைப் பார்த்தார். கொஞ்சம் இளகினாற்போலத்தான் இருந்தது. ஆனாலும், "கட்டுனது சரிதாம்மா. நான் ஒரு தடவ எண்ணாம வாங்க முடியாதே. வாங்குனாலும் உள்ள வைக்க எடமில்ல. ஏற்கெனவே மூட்ட மூட்டயாக் கெடக்கு, எடுத்துக்கிற ஆளில்ல. அடுத்த வாரம் பாப்போம்" என்றுவிட்டார்.

அடுத்த வாரம், ஒரு புதன்கிழமை. வேல்பாண்டி வண்டியில் கொண்டுவந்து பேங்க் வாசலில் இறக்கிவிட்டான். இரண்டு கட்டைப்பைகளையும் படியில் எடுத்து வைத்தவன், உள்ளே வரவில்லை.

"இன்னைக்கும் இல்லன்னுட்டா போன் பண்ணு. கடையில மாத்திக்கிருவோம்."

"போன் பண்ண மாட்டேன். நீங்க லோடப் பாருங்க."

உள்ளே நல்ல கூட்டம். அவள் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பைகளைக் காலுக்கு இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டாள். பக்கத்து நாற்காலியில் இருந்தது கருத்தம்மாள். ஏலத்தோட்டத்தில் இவளோடு ஒன்றாய்க் காய் எடுத்தவள், இன்றைக்கும் போய்க்கொண்டிருப்பவள். நூறு நாள் வேலைச் சம்பளம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வந்திருந்தாள்.

"என்னத்தா, ரெண்டு பையி? ஊரக் காலி பண்ணிட்டுப் போறியா?"

"காசு மதினி. கட்ட வந்திருக்கேன்."

"அம்புட்டுமா!" கருத்தம்மாள் ஒரு பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டாள்.

வரிசை மெதுவாக நகர்ந்தது. நாலு பேருக்கு முடிந்திருக்கும். பொன்னுராஜ் கம்ப்யூட்டரை இரண்டு தட்டு தட்டினார். எழுந்து பின்பக்க வயர்களைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நெட்டு போயிருச்சு."

கூட்டம் ஒரே சமயத்தில் முனகியது. மேனேஜர் தம் அறையிலிருந்து தேனி ஆபீஸுக்குப் போன் போட்டுச் சத்தமாகப் பேசுவது கேட்டது. எப்போது வருமென்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு பேர் திட்டிக்கொண்டே எழுந்து போனார்கள். மற்றவர்கள் வந்த காரியம் முடியாமல் போக மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். பொன்னுராஜுக்கும் வேலையில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஃபேனைப் பார்த்தபடி இருந்தார்.

நாகஜோதி அவரைப் பார்த்தாள். இந்த மனுஷன் இப்படிச் சும்மா உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. எழுந்து கவுண்டரிடம் போனாள்.

"சார், இப்ப க்யூ இல்ல. உங்களுக்கும் கை ஓஞ்சிருக்கு. எண்ணிருவமா?"

"நெட் இல்லாம வரவு வைக்க முடியாதும்மா."

"வரவு பெறகு வைங்க சார். எண்ணுறதுக்கு நெட் எதுக்கு?"

பொன்னுராஜ் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மேனேஜரிடம் போய் ஒரு வார்த்தை சொன்னார். கேபினைப் பூட்டிவிட்டு வெளியே வந்து, செலான் எழுதுகிற நீள மேஜையிலிருந்த பேனாக்களையும் பசை டப்பாவையும் ஒதுக்கினார்.

"கொட்டுங்க."

அவள் ஒரு பையைப் பிரித்துக் கொட்டினாள். அந்த ஹால் முழுக்கச் சத்தம் நிறைந்தது. முன்னே அவளைக் கூசவைத்த அதே சத்தம்தான். இன்றைக்கு என்னவோ யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை. பொழுது போகாமல் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

பொன்னுராஜ் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். நாகஜோதி அசந்துபோனாள். இடது கையால் காசுகளை மேஜை விளிம்புக்குத் தள்ளுவார். வலது கையில் அவை வரிசையாய் வந்து விழும். பார்ப்பதற்குள் இருபது காசு ஓர் அடுக்காய் நிற்கும். ஓர் அடுக்கு, நூறு ரூபாய்.

"சார் இதுல பெரிய ஆளா இருக்காகளே!" என்றாள் கருத்தம்மாள்.

"போடி பஜார்ல அப்பாவுக்குச் சில்லறைச் சாமான் கடைம்மா. பள்ளிக்கூடம் விட்டு வந்தா கல்லாவுல காசு அடுக்குறது என் வேல. பேங்க்குக்கு வந்தபெறகு எல்லாம் நோட்டுத்தான்." சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டு அடுக்கு வைத்துவிட்டார். அலுப்பெல்லாம் எங்கே போனதோ, முகம் தெளிந்து கிடந்தது.

கருத்தம்மாள் தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். பாஸ்புக் பதிய வந்த பெரியவர் ஒருத்தர், தானும் சும்மா இருப்பானேன் என்று நின்றபடியே அடுக்கினார். எல்லா அடுக்கையும் பொன்னுராஜ் விரலால் தடவி உயரம் பார்த்துத் தம் பக்கம் நகர்த்திக்கொண்டார். ஓர் அடுக்கு ஒரு காசு குட்டையாக இருந்தாலும் கண்டுபிடித்துவிட்டார்.

"இதென்ன சார், கூஜாப் படம் போட்டிருக்கு?" என்று கருத்தம்மாள் ஒரு காசைத் தூக்கிக் காட்டினாள்.

பொன்னுராஜ் வாங்கிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "துபாய்க் காசும்மா இது. ஒரு திர்ஹம். நம்ம காசுக்கு இருபது ரூபாய்க்கு மேல போகும்."

"அடப் பாவி! அஞ்சு ரூபா தண்ணிக்கு இருபது ரூபாயப் போட்டுட்டுப் போயிருக்கான்!"

யார் யார் துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறார்கள் என்று அந்த மேஜையைச் சுற்றி ஓர் ஆராய்ச்சியே நடந்தது. நாலு பேர் பெயர் அடிபட்டது. நாகஜோதி அந்தக் காசை வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். "ஆளு தெரிஞ்சாச் சொல்லுங்க. இன்னும் மூணு கேன் தண்ணி நான் அவுகளுக்குக் குடுக்கணும்" என்றாள். அவள் அதைச் சும்மா சொல்லவில்லை என்று கருத்தம்மாளுக்குத் தெரியும்.

இரண்டாவது பையைக் கொட்டுகிற நேரத்துக்கு ஒச்சாண்டி வந்து சேர்ந்தார். பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருப்பவர். வாசலில் செருப்பைக் கழற்றியவர் மேஜையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"ஏத்தா, அஞ்சு ரூபா காசு இல்லாம நான் ஒவ்வொருத்தனுக்கும் மிட்டாயக் குடுத்துச் சண்ட வாங்கிக்கிட்டு இருக்கேன். காசெல்லாம் இங்கனயா கெடக்கு?"

"ஏன் சித்தப்பு, இப்ப எல்லாரும் போன்லதான போடுறாக?"

"எளவட்டம் போடுவான். தோட்டத்துக்குப் போறவுக நூறு ரூபா நோட்டத்தான நீட்டுறாக. நான் சில்லறைக்கு எங்கன போக? எனக்கு ரெண்டாயிரத்துக்குக் குடு. இந்தா நோட்டு."

பணத்தை எடுத்து நீட்டியே விட்டார். வாங்கிக்கொண்டால் வேலை சுலபம். ஆனால் நாகஜோதி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இல்ல சித்தப்பு. இது மொத்தமும் என் கணக்குல ஏறணும். பாஸ்புக்குல என் தண்ணிக்காசு எம்புட்டுன்னு நான் பாக்கணும். ஏறுன பெறகு நீங்க சார்கிட்ட நோட்டக் குடுத்து வாங்கிக்கங்க."

ஒச்சாண்டி பொன்னுராஜைப் பார்த்தார். "கமிஷன் உண்டா சார்?"

"ஒத்த ரூபா கெடையாது. நீங்க எடுத்துக்கிட்டா எனக்குப் பெரிய உபகாரம்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த காய்கறிக்கடைப் பெண், எனக்கு ஆயிரத்துக்கு என்றாள். பெரியவர் யாருக்கோ போன் போட்டுப் பேசிவிட்டு, தம் மருமகன் மெடிக்கல் ஷாப்புக்கும் வேண்டுமாம் என்றார். பொன்னுராஜ் ஒரு தாளை எடுத்து வரிசையாகக் குறித்துக்கொண்டார். உள்ளே மூட்டையாய்க் கிடப்பதற்கும் ஒரு வழி தெரிகிறதே என்று அவர் முணுமுணுத்தது நாகஜோதிக்குக் கேட்டது.

எண்ணி முடிந்தது. பத்தாயிரத்துக்கு ஒரு காசு குறைந்தது. துபாய்க் காசு இருந்த இடம் அது. நாகஜோதி பர்ஸைத் திறப்பதற்குள் கருத்தம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஓர் ஐந்து ரூபாயைக் கடைசி அடுக்கின் தலையில் வைத்தாள்.

"நாளைக்கு ஒரு குடம் தண்ணி பிடிச்சுக்கிறேன். கணக்கு நேராயிரும்."

அந்த நேரத்தில்தான் வேல்பாண்டி உள்ளே வந்தான். லோடு ஏற்றி முடித்தும் பெண்டாட்டியிடமிருந்து போன் வரவில்லையே என்று வந்திருந்தான். பாதி ஊர் மேஜையைச் சுற்றி நிற்கிறது. நடுவில் அவன் பெண்டாட்டி. வாசலிலேயே தயங்கினான்.

"வாங்க தம்பி, ஒரு கை குடுங்க. இத உள்ள கொண்டு போகணும்" என்றார் பொன்னுராஜ்.

வேல்பாண்டி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்தான். அடுக்குகளைத் தட்டில் எடுத்து வைத்துத் தூக்கினான். யாராவது சிரிக்கிறார்களா என்று முதலில் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒச்சாண்டி மட்டும், "பாத்துப்பா, என் பங்கக் கீழ போட்டுறாத" என்றார். இரண்டாவது நடைக்கு அவன் சுற்றிப் பார்க்கவே இல்லை.

மதியத்துக்குச் சற்று முன் நெட் வந்தது. பொன்னுராஜ் முதலில் நாகஜோதியைத்தான் கூப்பிட்டார்; வரிசையில் நின்ற யாரும் ஆட்சேபிக்கவில்லை. செலானில் முத்திரை விழுந்தது. பாஸ்புக் அச்சாகி வெளியே வந்தது. அவள் அதை வாங்கி, மை காயாத அந்த வரியைப் படித்தாள். அவள் பெயரில், பத்தாயிரம். ஐந்து ஐந்தாய்ச் சேர்ந்ததெல்லாம் ஒரே வரியாகக் கிடந்தது. மலையில் கூடை நிறையக் காய் எடுத்து எடைக்கு வைக்கும்போது முள் நகர்வதைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாசம் ஒரு புதன்கிழம, மத்தியானத்துக்கு மேல வாங்கம்மா. கூட்டம் இருக்காது. காசு வேணுங்கிறவுகளையும் அன்னைக்கே வரச் சொல்லிர்றேன்" என்றார் பொன்னுராஜ். செலானை நகர்த்தி வைத்துவிட்டு, "முன்னால ரெண்டு தரம் திருப்பி அனுப்பிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

"அதெல்லாம் இல்ல சார். நீங்க ஒத்தாளு, என்ன செய்வீக?"

அவர் சொன்னபடியே நடந்தது. அடுத்த மாதம் அவள் போனபோது டீக்கடை, மெடிக்கல், காய்கறிக்கடை எல்லாம் காத்திருந்தன. வேல்பாண்டி தானே பையைத் தூக்கிக்கொண்டு கவுண்டர்வரை வந்தான். மளிகைக்கடைக்காரர் ஒரு நாள் அவனைக் கூப்பிட்டு, "என்னப்பா, இப்பல்லாம் காசு கொண்டாரதில்ல?" என்று கேட்டாராம். "பேங்க்ல கட்டுறோம்ணே" என்று இவன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னானாம். சொல்லிவிட்டு வந்து அவளிடம் இரண்டு தடவை அதைச் சொன்னான்.

அந்த இரண்டாம் மாதம் வண்டியில் வீடு திரும்பும்போது மலைப்பக்கமிருந்து சாரல் அடித்தது. கண்ணாடியை ஏற்றாமலே வந்தார்கள்.

"பண்ணைப்புரம் ரோட்டுல ஒரு எடம் பாத்தேன். அங்கன தண்ணி மெஷினே இல்ல. இன்னொண்ணு போட்டா என்ன?" என்றான் வேல்பாண்டி.

"போடலாம்."

"அது யாரு பேர்ல?"

"ஏன், என் பேருக்கு என்ன கொறச்சல்?"

வேல்பாண்டி சிரித்துக்கொண்டே கியரை மாற்றினான். "சரி, உன் பேர்லயே போடு. காசுப் பெட்டியத் தொறந்து பாக்குற வேல மட்டும் எனக்குக் குடு."

அவள் யோசிக்கிறேன் என்றாள். வண்டி வளைவில் திரும்பியபோது அவர்கள் மெஷின் முன்னால் நாலைந்து பேர் கேனோடு நின்றிருந்தார்கள். மழை வலுப்பதற்குள் பிடித்துவிட வேண்டுமென்று ஒருத்தரை ஒருத்தர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.