பதினோராம் பக்கத்துப் பல்

திரையில் அந்தச் சிறுமி வாய் கொள்ளாமல் சிரித்தாள். எல்லாப் பல்லும் இருந்தது. ஓவியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவர் வரைந்த படக்கதைச் சிறுமி. அதே சுருட்டை முடி, அதே பித்தான் அறுந்த சட்டை. முன்பல் விழுந்த இடத்தில் அவர் வைத்திருந்த கருப்புப் பொட்டை மட்டும் காணோம்.

"பல்லு எங்க தம்பி?"

"முளைச்சிடுச்சு மேடம்" என்று சிரித்த பதிப்பாசிரியர், அவர் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். "கார்ட்டூனா வரப்போகுதில்ல? ஓட்டை எந்தப் பக்கம்னு கார்ட்டூன் எடுக்கறவங்க கேட்டாங்க. புத்தகம் முழுக்க வலது பக்கம். பதினோராம் பக்கத்துல மட்டும் இடது பக்கம். எதை வச்சு வரையறது? வம்பே வேணாம்னு மூடிட்டோம். நான் எழுத்துக்கூட்டிப் படிச்சதே இந்தப் புத்தகத்துலதான், எனக்கே இவ்வளவு நாளா தெரியல பாருங்க."

ஒரு தாளை அவர் பக்கம் நகர்த்தினார். "பதிப்புரிமைய நீங்க அப்பவே எங்களுக்கு எழுதிக் குடுத்துட்டீங்க. ஆனா முகத்த மாத்தணும்னா வரைஞ்சவங்க சம்மதம் வேணும். அந்த உரிமை வித்தாலும் போகாது. உங்களக் கேக்காம நாங்க தொட மாட்டோம் மேடம்."

"தொட்டுட்டுதானே கேக்கறீங்க?"

"இது சும்மா மாதிரிக்கு…"

முடியாது என்று சொல்லத்தான் அவர் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். அந்தப் பொட்டு அவருடைய மகளின் ஆறு வயது. மகள் பேசி இரண்டு வருஷமாகிறது. அந்த ஓட்டைவழியாகத்தான் அவர் இப்போதும் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சொல்ல வாயெடுத்தவர், 'கேக்காம' என்ற அந்த ஒரு சொல்லில் நின்றுவிட்டார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் பதினோராம் பக்கத்தைப் பிரித்தார். அந்தப் படம் எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியும். ஒரு விடுமுறை முழுக்க மகளை உட்கார வைத்து வரைந்தார். கடைசியில் ஒருநாள், "போதும்மா, என்ன வரையாத" என்று அவள் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். திரும்பிய பக்கத்தில் அலமாரிக் கண்ணாடி இருந்தது. அதில் முகம் தெரிந்தது. அவர் அதைப் பார்த்து வரைந்தார். பென்சில் ஓடிய வேகத்தில் கண்ணாடி இடம்வலம் மாற்றிக் காட்டும் என்பது நினைவுக்கு வரவில்லை. ஓட்டை பக்கம் மாறிப் போனது. அது தெரியாமல் செய்த பிழை. ஆனால் கண்ணாடிக்குள் கோணிக்கொண்டிருந்த வாயை, கதைக்குப் பொருந்தாது என்று சிரிப்பாக மாற்றியது தெரிந்தே செய்தது.

புத்தகம் வந்தபின், பல் முளைத்து வருஷக்கணக்கான பிறகும் பள்ளியில் அவளுக்கு 'ஓட்டைப்பல்லு' என்றே பெயர். "பேர் வாங்கினது நீ, கெட்ட பேர் எனக்கு" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். கடைசியாகப் பேசிய அன்றுதான் சிரிக்கவில்லை. "என்ன ஒரு தடவையாச்சும் கேட்டியாம்மா?"

பக்கத்தைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினார். கீழே எழுதினார்: "இந்தப் பல்லு ஓட்டையை மூடிடலாமான்னு கேக்கறாங்க. நீ சொல்லு." அனுப்பியபின் இன்னொரு வரி: "அன்னிக்கு நீ சிரிக்கல. எனக்கு ஞாபகம் இருக்கு."

ஜன்னலோர மேஜையில் புத்தகம் விரிந்து கிடந்தது, பக்கத்தில் கையெழுத்திடாத தாள். வெயில் மேஜையை விட்டு இறங்கித் தரைக்குப் போயிருந்தது. போன் திரை அணையும்போதெல்லாம் விரலால் தொட்டு எழுப்பினார். சின்ன வட்டப் படத்துக்குள் மகள், எப்போதும் எடுத்துக்கொள்வதுபோலவே, உதடு பிரியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.