இருபது பேருக்குத்தான் இடம்

அருள்குமாருக்குச் சந்தேகம் என்பது காலைக் காபி மாதிரி. ஒரு வாய் உள்ளே போகாமல் அவனுக்கு வேலை ஓடாது.

அந்தப் பனியன் கம்பெனியின் சர்வர் அவன் பொறுப்பு. ஆர்டர், அளவு, கலர், பேக்கிங் எல்லாம் அதற்குள்தான். ஒரே நேரத்தில் இருபது கனெக்‌ஷன்தான் உள்ளே போகலாம். இருபத்தோராவது ஆளுக்கு 'இடமில்லை' என்று திரை கையை விரித்துவிடும். ஒரு மாதமாக ஒன்பதரைக்கெல்லாம் ஆபீஸே கத்த ஆரம்பித்துவிட்டது. உள்ளே இருப்பவர்களின் பட்டியலைத் திறந்தால் பதினான்கு பேர்தான் தெரிந்தார்கள். சும்மா கண்ணை உறுத்த வேண்டாமென்று தன் பெயர் மட்டும் அதில் தெரியாதபடி அவன் செய்திருந்தான். தன்னையும் சேர்த்தால் பதினைந்து. மிச்சம் ஐந்து இடத்தில் உட்கார்ந்திருப்பது எவன்?

இந்த வினையெல்லாம் ஆஷா போனதிலிருந்துதான். போன மாதம் வேலையை விட்டு, மங்கலம் ரோட்டில் வேறொரு கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். போனவள் சும்மா போயிருப்பாளா? அன்றைக்கே அருள்குமார் காவலுக்கு உட்கார்ந்துவிட்டான். எங்கே இருந்தாலும் சர்வரைப் பார்க்கும்படி கைக்குக் கிடைத்த திரையிலெல்லாம் ஒரு ஜன்னல் திறந்து வைத்தான்.

இன்று காலை அகப்பட்டது. பட்டியலில் ஆஷாவின் பெயர்! அந்தப் பெயரில் திறந்து கிடந்தது, புது ஆர்டரின் குழந்தைப் பனியன் அளவுச் சார்ட். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து என்று பார்த்தான். கீழே ஆபீஸில் வேலை பார்க்கும் ரோஸ்மேரியுடையது. ஆஷாவும் அவளும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள், இரண்டு பேரும் தூத்துக்குடிப் பக்கம். இதற்கு மேல் என்ன வேண்டும்? நேராக மாடியேறி முதலாளி சாமியப்பனிடம் போய் நின்றான்.

"ஏனப்பா அருளு, நல்லாப் பாத்தியா? ஒரு புள்ளையோட பொழப்பு."

"கண்ணால பாத்தனுங்க. உள்ள இருக்கறதை வெளிய குடுக்கறாங்க."

"அப்ப மத்தியானத்தோட அனுப்பிச்சிரலாம். பன்னண்டு மணிக்கு அந்தப் புள்ளைய வரச் சொல்லு."

கீழே வந்தவன் ஆஷாவின் கனெக்‌ஷனை வெட்டினான். வெட்டிவிட்டு, ரோஸ்மேரியின் முகம் எப்படி மாறுகிறதென்று பார்க்கக் கதவோரம் போய் நின்றான். அவள் முகம் மாறவே இல்லை. பக்கத்தில் அட்டையும் பென்சிலுமாக நின்ற கட்டிங் மாஸ்டர் சீனிச்சாமிதான் அலறினார்.

"அட, போச்சுங்களே! தோள்பட்டை அளவு பாதியில நிக்குதுங்க! திரும்பப் போனா இடமில்லைங்குதுங்க!"

ரோஸ்மேரி திரும்பினாள். "அண்ணே, நீங்களா வெட்டுனிய?"

"ஆஷா பேர்ல யாரு இருக்கறது?"

"மாஸ்டருக்குத்தான். அவரு வார நேரம் இடமில்லன்னு சொல்லுது. அதான் நான் எட்டரைக்கே வந்து, எம்பேருல ஒண்ணு, அவ பேருல ஒண்ணு போட்டு வைக்கேன். பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிக்கமில்ல, அப்படித்தான். அவ பேர நீங்க எடுக்கவே இல்லியே."

எடுக்க வேண்டியது அவன்தான். அது சுருக்கென்றது. ஆனாலும் விடுவானா?

"செரி, அது போகட்டும். கணக்குல வராத அஞ்சு எங்க?"

"எனக்கென்ன தெரியும்? பட்டியல முழுசாக் காட்டுங்களேன்."

வீம்புக்கென்றே அவள் மேசையில் உட்கார்ந்து, மறைத்ததை எடுத்துவிட்டு முழுப் பட்டியலையும் திறந்தான். அருள்குமார். அதன் கீழே அருள்குமார். மேசைக் கம்ப்யூட்டரில் இரண்டு, லேப்டாப்பில் இரண்டு, போனில் ஒன்று, வீட்டில் மூடாமல் வந்த கம்ப்யூட்டரில் ஒன்று. திருடனைப் பார்க்கத் திறந்த ஒவ்வொரு ஜன்னலும் ஓர் ஆளின் இடத்தில் உட்கார்ந்திருந்தது. அடக் கடவுளே!

அப்போது மேசைப் போன் அடித்தது. "ரோஸ்மேரிய மொதலாளி கூப்பிடறாருங்க" என்றது மாடியிலிருந்து ஒரு குரல்.

மாடிப்படியை அவளுக்கு முன்னால் ஏறினான் அருள்குமார். சாமியப்பன் வாயைத் திறக்கும் முன்பே கொட்டிவிட்டான்.

"மொதலாளி, இந்தப் புள்ளை மேல தப்பில்லீங்க. இடத்தையெல்லாம் அடைச்சு வெச்சது நானுங்க. ஆறுங்க."

"ஒரு ஆளுக்கு எதுக்கப்பா ஆறு?"

"யாரு திருடறாங்கன்னு பாக்கறதுக்குங்க."

தன்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று ரோஸ்மேரிக்கு அப்போதுதான் விளங்கியது. இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. ஆனால் அழவில்லை, கோபம் அவளை அழவிடவில்லை.

"என்னையத் திருடின்னு இங்க வந்து சொல்லியிருக்கிய. என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. சரி, அத அப்புறம் பேசுவோம். மொதல்ல அந்த ஆறையும் மூடுங்க. மாஸ்டரு பாதி அளவோட நிக்காரு."

அருள்குமார் அங்கேயே போனை எடுத்து, முதல் ஜன்னலை மூடினான்.

"தொறந்திருச்சுங்க!" என்று கீழே சீனிச்சாமி கத்தியது மாடி வரை கேட்டது.